ஐயாவின் ஊசியும் என் ஊசியும்

2025 ஆம் ஆண்டு தை மாதம் 19 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பில் எனது வீட்டின் படுக்கையறைக் கதவை உட்புறமாகத் தாழிட்டுவிட்டுக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருந்தேன். வீட்டில் என்னைத் தவிர மனைவி ஒருவரே இருந்தார். அவருக்கும் விடயம் தெரியும். இருந்தும் கதவைத் தாழிடவேண்டும் போலிருந்தது. மடியில் ஒரு துவாய். அதன் மேல் தடித்த பேனை போன்றதொரு கருவி. எதிரே தலையணையில் சாய்த்து வைத்திருந்த கைத்தொலைபேசியின் திரையில், ரொறன்ரோவில் தாதியாகப் பணிபுரியும் என் மகள். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு பத்தரை மணி. வேலை முடிந்து வந்த களைப்புடன் இருந்தாள்.

"அப்பா, தொப்புளிலையிருந்து மூண்டு விரல் தள்ளி ஒருக்கா நுள்ளிப் பிடியுங்கோ. நேராக் குத்துங்கோ. அமத்தின பிறகு ஆறு மட்டும் ஆறுதலா எண்ணுங்கோ. அவசரப்பட்டு இழுத்துப்போடாதையுங்கோ."

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் நான். ஷெல் விழும் தெருக்களில் சைக்கிளில் சென்று செய்தி சேகரித்திருக்கிறேன். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற கரையோரக் கிராமங்களில் நடந்திருக்கிறேன். ஆனால், அன்று 4 மில்லிமீற்றர் நீளமான, தலைமயிரிலும் சற்றே தடித்த ஓர் ஊசியை என் வயிற்றில் நானே செலுத்த ஏறத்தாழ இருபது நிமிடங்கள் எடுத்தன. உண்மையில் அது வலிக்கவில்லை. நுளம்புக் கடி இதைவிட வலிக்கும்.

அந்த ஊசியின் பெயர் செமாகுளூடைட். வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்குக் கீழே ஏற்றிக்கொள்வது. உடல் நிறையைக் குறைப்பதற்காக வைத்தியர் எழுதித் தந்தது.

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டது. காரணம் வெட்கம்தான். அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்றைய திகதியில் என் நிறை 101 கிலோ. உயரம் 170 சென்ரிமீற்றர். உடற்திணிவுச் சுட்டி 35 ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆசிய மக்களைப் பொறுத்தவரை 27.5 ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் குறிப்பிட்டிருந்தது. ஈரலில் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், மாடிப்படிகளைக் கண்டால் முன்கூட்டியே நோகத் தொடங்கும் முழங்கால்கள், எல்லைக்கோட்டில் நிற்கும் குருதிச் சீனி. "உங்கட தகப்பனுக்குச் சலரோகம் இருந்ததோ?" என்று வைத்தியர் கேட்டார். ஆம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எழுதத் தொடங்கினார்.

இந்த நிறை எப்படி வந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இரவுநேர ஆசிரிய பீடத்தில் வேலை செய்தவர்கள் அனைவருக்கும் தெரியும். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்போது நள்ளிரவு தாண்டிவிடும். அதற்குள் சீனி போட்ட பிளேன்ரீ ஏழெட்டு. இடையில் ரோல்ஸ். வேலை முடிந்த பின்னர் காலி வீதிக் கடையொன்றில் கொத்துரொட்டி. விடிகாலையில் உறக்கம். இப்படியே இருபது, இருபத்தைந்து வருடங்கள். நடந்து பார்த்தேன், சோற்றை நிறுத்திப் பார்த்தேன், பேலியோ என்று நண்பர் ஒருவர் சொன்னதையும் மூன்று மாதங்கள் கடைப்பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறேழு கிலோ குறையும். பின்னர் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

இந்த மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். உணவு உண்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஓமோன் சுரக்கிறது. அது கணையத்துக்கு இன்சுலினைச் சுரக்குமாறு சொல்கிறது. இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்குப் 'போதும்' என்று செய்தி அனுப்புகிறது. ஆனால், அது இரத்தத்தில் நிலைப்பது இரண்டொரு நிமிடங்களே. நியூயோர்க்கில் ஜோன் எங் என்ற வைத்தியர், ஹீலா மொன்ஸ்ரர் எனப்படும் அமெரிக்கப் பாலைவனப் பல்லியின் நச்சு உமிழ்நீரில், இதையொத்த, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளை 1990 களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். அதிலிருந்து உருவான எக்செனடைட் என்ற நீரிழிவு மருந்துக்கு 2005 இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. பின்னர் வந்தவை மனித ஓமோனையே சற்று மாற்றி அமைத்தவை. செமாகுளூடைட் அவற்றுள் ஒன்று. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். வாரத்துக்கு ஓர் ஊசி போதுமானதாக இருப்பது அதனால்தான்.

இந்த ஓமோன் ஆராய்ச்சியில் முன்னின்று உழைத்த ஸ்வெற்லானா மொய்சொவ் என்ற பெண் விஞ்ஞானியின் பெயர் நீண்டகாலம் பேசப்படாமலே இருந்தது. 2024 இல் லாஸ்கர் விருது பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பத்திரிகைக்காரன் என்ற முறையில் இதைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை.

முதல் நான்கு வாரங்கள் 0.25 மில்லிகிராம். அந்த அளவில் நிறை குறையாது, உடல் பழகுவதற்காகவே என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆனால், இரண்டாம் ஊசிக்குப் பிறகு ஒரு நாள் மாலை, அலுவலகத்தில் ரோல்ஸ் தட்டு என் மேசையைத் தாண்டிப் போனதைச் சிறிது நேரம் கழித்தே உணர்ந்தேன். அதை நான் பார்க்கவேயில்லை. என் தலைக்குள் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. அடுத்து என்ன சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம், இன்னும் ஒன்று எடுத்தால் யாரும் பார்ப்பார்களா என்று பல வருடங்களாக உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு குரல். அது நின்ற பின்னர்தான் அப்படியொன்று இருந்ததையே அறிந்தேன். மனவுறுதி இல்லாதவன் என்று இத்தனை காலமும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். மெலிந்த நண்பர்களுக்கு அந்தக் குரல் ஆரம்பத்திலிருந்தே கேட்டிருக்கவில்லைப் போலும்.

இதெல்லாம் சுகமாகவே நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பங்குனி மாதத்தில் அளவு 1 மில்லிகிராமாக உயர்ந்தபோது குமட்டல் தொடங்கியது. ஒரு திருமண வீட்டில், பந்தியில் அமர்ந்து பருப்புக்கறியின் தாளித வாசனை எழுந்தவுடன், மணமகனின் தகப்பனார் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து ஓடினேன். மலச்சிக்கல் வேறு. கணைய அழற்சி, பித்தப்பைக் கல் போன்றவை அரிதாக ஏற்படலாம் என்றும், வயிற்றில் கடும் வலி வந்தால் தாமதிக்கக்கூடாது என்றும் வைத்தியர் எச்சரித்திருந்தார். குறிப்பிட்ட ஒருவகைத் தைரொயிட் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இதைப் பாவிக்கவே கூடாது. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் மீன், முட்டை, கடலை, பயறு என்பவற்றை வலிந்து உண்ணவும், பாரம் தூக்கிப் பயிற்சி செய்யவும் வேண்டியிருந்தது. வைத்தியரின் சீட்டின்றி இணையத்தில் வாங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போலிச் செமாகுளூடைட் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஆனியில் எச்சரிக்கை விடுத்தது. அந்தப் பேனைக்குள் இருப்பது என்னவென்று கண்ணால் பார்த்து அறிய முடியாது.

மாசி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு நான்காவது ஊசி. அன்று முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னது உலகச் செய்தியானது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். எல்லோரும் குரங்கைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் அதன் முன்னே நின்றுகொண்டிருந்தேன். பாவனையில் உள்ள பேனை 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் ஆறு வாரம் வரை தாங்கும். திறக்காத புதியது 2 இலிருந்து 8 பாகைக்குள் இருக்கவேண்டும். உள்ளே புதியது ஒன்று இருந்தது. கொழும்பின் வெயிலோ உங்களுக்குத் தெரியும். அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள்.

அப்போது மனைவி சொன்னார்: "மாமாவின்ரை பானை மாதிரி ஒண்டு வைப்பமோ?"

மாமா என்று அவர் சொன்னது என் தகப்பனாரை. நாங்கள் ஐயா என்போம்.

ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையொன்று இருந்தது. தினமும் காலை ஆறரைக்கு அதில் அமர்ந்து, வேட்டியைச் சற்று உயர்த்தித் தொடையில் இன்சுலின் ஏற்றிக்கொள்வார். கண்ணாடிச் சிறிஞ்சையும் உருக்கு ஊசியையும் அம்மா குசினியில் அவித்து, மூடிய பாத்திரத்தில் கொண்டுவந்து வைப்பார். தெருவால் போகிறவர்கள் படலையில் நின்று ஐயாவுடன் கதைப்பார்கள். கதைத்தபடியே அவர் ஊசியைப் போடுவார். ஒழிவு மறைவு எதுவும் இல்லை. அயலவர்கள் சிலர் அந்த நேரத்தை வைத்தே மணிக்கூட்டைச் சரிபார்த்தார்கள்.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாது போனது. மண்ணெண்ணெய், பற்றரி, மருந்து என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் நான் கலைப்பட்டப் பரீட்சை எழுதினேன். பின்னர் வேலைக்குச் சேர்ந்த நாளேடு கோடிட்ட கொப்பித்தாளில்கூட அச்சாகியது. இன்சுலின் கொழும்பிலிருந்து வரவேண்டும். கிளாலிக் கடல் வழியாக வந்தவர்கள் பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து தருவார்கள். பனிக்கட்டி வவுனியாவிலேயே உருகியிருக்கும். அம்மா வாய் அகன்ற மண்பானையில் ஈர மணலை நிரப்பி, நடுவே சிறிய முட்டியொன்றைப் புதைத்து, அதற்குள் குப்பியை வைப்பார். கிணற்றடி நிழலில் அந்தப் பானை இருக்கும். காலையும் மாலையும் மணலுக்கு நீர் தெளிப்பது என் தங்கையின் வேலை. அயலில் மேலும் இருவருக்குச் சலரோகம். எவருக்கு மருந்து வந்தாலும் அது அந்தப் பானைக்குள்தான் வரும். ஒரு குப்பியை மூவர் பகிர்ந்த நாட்களும் உண்டு.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்தின் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது பானையைத் தூக்க முடியவில்லை. கடைசிக் குப்பியை ஈரத் துணியில் சுற்றி, செம்பு ஒன்றில் வைத்து அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கொடிகாமத்தில் ஒரு பாடசாலையில் தங்கினோம். மூன்று வாரங்களில் குப்பி முடிந்தது. அடுத்தது கிடைக்கப் பதினொரு நாட்கள் சென்றன. அந்தப் பதினொரு நாட்களும் நான் சைக்கிளில் அலைந்தேன். ஐயா எங்கள் கண் முன்னாலேயே கரைந்தார். காலில் இருந்த சிறு புண் ஆறவில்லை. 1996 தை மாதம் காலமானார். அவரைத் தூக்கியவர்கள், "பாரமே இல்லை" என்றார்கள். அந்த இரண்டு சொற்களையும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

எனவே, மாசி மாதத்து மின்வெட்டில் நான் பானை வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை. பனிக்கட்டிப் பைகளைச் சுற்றி வைத்துச் சமாளித்தேன். உயிர் பிழைக்க வேண்டியிருந்த ஒருவருக்காக அம்மா செய்ததை, அதிகம் சாப்பிட்டு வந்த கொழுப்பைக் கரைப்பதற்காக நான் செய்வதா? இது அறிவுக்கு ஒவ்வாத வாதம் என்று எனக்கும் தெரியும். உடற்பருமனும் ஒரு நோய்தான் என்று நானே ஆசிரியத் தலையங்கம் எழுதியிருக்கிறேன். ஆனால், வெட்கம் தலையங்கம் வாசிப்பதில்லை.

சித்திரைக்குள் எட்டுக் கிலோ போயிற்று. எங்கள் சமூகத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் மெலிந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். "என்ன அண்ணை, ஏதும் வருத்தமோ?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். பழைய நண்பர் ஒருவர் என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, "உண்மையைச் சொல்லுங்கோ, கான்சரோ?" என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இளைய உதவி ஆசிரியர் ஒருவர், அவரும் பருமனானவர், இரகசியம் என்ன என்று கேட்டார். "நடைதான் தம்பி. இரவுச் சாப்பாட்டையும் குறைச்சிட்டன்" என்றேன். அவர் மறுநாளே புதிய சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். மற்றவர்கள் மறைப்பதை வெளிக்கொணர்வதே தொழிலாகக் கொண்டவன் சொன்ன பொய் அது. இரண்டு மாதங்களாகியும் தன் நிறையில் ஒரு கிலோதான் குறைந்தது என்று அவர் சோர்ந்துபோய்ச் சொன்ன அன்று, வெளியே தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணை, அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

ஆனால், அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு 83 வயது. தங்கையுடன் உடுவிலில் இருக்கிறார். கண்புரை முற்றி எல்லாமே புகைமூட்டமாகத் தெரிந்தபடியால், தொலைபேசித் திரையில் என் முகம் மெலிந்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 2025 ஆவணியில் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அழைத்து வந்தோம். அப்போது என் நிறை 90 கிலோ. சிகிச்சை நன்றாக முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அம்மா முதலில் தாதியைப் பார்த்தார், பின்னர் யன்னலைப் பார்த்தார், பின்னர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பின்னர் குசினிக்குள் போகவேண்டாம் என்று வைத்தியர் சொன்னதையும் கேளாமல், மனைவியை அருகில் வைத்துக்கொண்டு சமைத்தார். பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, விளைமீன் குழம்பு. என் தட்டில் அவர் போட்டதில் பாதியை என்னால் உண்ண முடியவில்லை. கைக்கும் வாய்க்கும் ருசி தெரிந்தது. வயிறு மறுத்துவிட்டது. மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதை அம்மாவின் புதிய கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போலக் கதவைத் தாழிட்டேன். சிறிது நேரத்தில் தட்டும் சத்தம்.

"உள்ளுக்கை என்ன செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"பிறிச்சுக்குள்ளையிருந்து மருந்து எடுத்துக்கொண்டு போனதைக் கண்டனான். ஐயாவும் உப்பிடித்தான் கரைஞ்சவர். உனக்கும் வந்திட்டுதோ? எனக்கு மறைக்காதை."

கதவைத் திறந்தேன். அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஏழு மாதங்களாக என் வெட்கத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நான் மெலிவதைப் பார்க்கும் அம்மாவின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது ஒரு கணமும் தோன்றியிருக்கவில்லை.

கட்டிலில் அருகே இருத்தி, இது அந்த நோய் இல்லை என்றேன். பேனையைக் கையில் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை அவிக்கிறேல்லையே?"

"இல்லை அம்மா. ஊசி ஒவ்வொருக்காலும் புதுசு. போட்டிட்டு எறியிறது."

"நாங்கள் ஒரு ஊசியைக் கல்லிலை தீட்டித் தீட்டி நாலு மாசம் வைச்சிருந்தனாங்கள்" என்றார். பிறகு, "அப்ப இது என்னத்துக்கு?" என்று கேட்டார்.

மூன்று பத்தாண்டுகளாகச் சிக்கலான விடயங்களை எளிய தமிழில் விளங்கவைப்பதே என் பிழைப்பு. அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. கடைசியில், "பசியைக் குறைக்கிற மருந்து" என்றேன்.

"என்ன விலை?"

மகள்தான் பணம் அனுப்புகிறாள் என்று சொல்லி, விலையில் பாதியைச் சொன்னேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"பசிக்காமல் இருக்கிறதுக்கோ இவ்வளவு காசு?"

கேலியாகவோ கண்டனமாகவோ அவர் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கொடிகாமத்துப் பாடசாலையில் ஒரு வேளைக் கஞ்சியைப் பங்கிடும்போது, "எனக்குப் பசிக்கேல்லை" என்று ஒவ்வொரு நாளும் சொன்னவர் அவர். நாங்கள் அப்போது அதை நம்பினோம். அல்லது, நம்ப விரும்பினோம்.

ஈரல் பற்றியும், இதயம் பற்றியும், சலரோகம் எனக்கும் வராமல் தள்ளிப்போடலாம் என்பது பற்றியும் என்னால் முடிந்த அளவு சொன்னேன். சலரோகம் என்ற சொல்லுக்குத் தலையை ஆட்டினார். "எவ்வளவு காலத்துக்குப் போட வேணும்?" என்றார். நிறுத்தினால் பசி திரும்பும். நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீளப் பெற்றதாக, 2022 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐயாவின் ஊசியைப் போலவே இதற்கும் முடிவுத் திகதி இல்லாதிருக்கலாம். "தெரியாது அம்மா" என்றேன்.

"சரி, போடு. நான் பாக்கிறன்."

போட்டேன். நான் மனதுக்குள் ஆறு வரை எண்ணும்போது, அம்மாவின் உதடுகளும் அசைந்ததைக் கண்டேன்.

இப்போது என் நிறை 86 கிலோ. இரத்த அழுத்தக் குளிசை ஒன்று குறைந்திருக்கிறது. அளவைக் கூட்டாமல் இதிலேயே நிறுத்திப் பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கதவைத் தாழிடுவதில்லை. பாவித்த ஊசிகள் குசினி அலுமாரியின் மேல் தட்டில் ஒரு தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்குள் சேர்கின்றன. விருந்தினர் கேட்டால் என்னவென்று சொல்கிறேன்.

அம்மா உடுவிலிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை அழைக்கிறார். "ஊசி போட்டிட்டியே?" என்பார். போட்டேன் என்றால், "அப்ப அரை மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட்டுப் போடு. போட்டிட்டுச் சாப்பிடாமல் இருக்கப்படாது, தலை சுத்தும்" என்பார். அது இன்சுலினுக்கு உரிய விதி, இந்த மருந்துக்கு அது தேவையில்லை என்று இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இப்போது நான் விளக்குவதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு இடியப்பத்துக்குச் சொதியை விட்டுக்கொண்டு மேசையில் அமர்கிறேன்.